கம்பைல் ஆனது, கனெக்ட் ஆகவில்லை: டன்னல் கேள்வி-பதில்

கே: பிராக்ஸி (நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) வழியாக எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) இணைப்பைக் கொண்டுபோக, பிராக்ஸிடன்னல் என்ற கருவியை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்கிறேன். மேக் (make) கட்டளை கொடுத்தால் 'எஸ்எஸ்எல்.ஹெச் கோப்பு இல்லை' என்று நிற்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரி என் கணினியில் இருக்கிறதே?

ப: இருப்பது, நிரல்கள் ஓடத் தேவையான லைப்ரரி. கம்பைல் செய்ய ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை) வேண்டும். அவை தனித் தொகுப்பாக வரும்: டெபியன், உபுண்டுவில் லிப்எஸ்எஸ்எல்-டெவ் (libssl-dev), ஃபெடோராவில் ஓபன்எஸ்எஸ்எல்-டெவெல் (openssl-devel). நிறுவிவிட்டு மறுபடி மேக் கொடுங்கள்.

கே: இதே வேலைக்கு, ஒரே சி கோப்பாக வரும் சின்னக் கருவியை விண்டோஸில் ஜிசிசி கம்பைலரால் கம்பைல் செய்தேன். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வரிசையாகக் கொட்டுகிறது.

ப: கம்பைல் முடிந்துவிட்டது, புலம்புவது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைப்பது). விண்டோஸில் நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட் ஃபங்ஷன்கள் தனி லைப்ரரியில் இருக்கின்றன. கட்டளையின் கடைசியில் -எல்டபிள்யூஎஸ்2_32 (-lws2_32) சேருங்கள். கடைசியில் என்பது முக்கியம்: லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் தேடும். சி கோப்புக்கு முன்னால் போட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க முழித்தவன் நான்.

கே: பிழையே இல்லாமல் கம்பைல் ஆனது. எஸ்எஸ்ஹெச் போனால் பிராக்ஸி 403 தருகிறது. வேறு பதிப்பைக் கம்பைல் செய்யட்டுமா?

ப: வேண்டாம், கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது பிராக்ஸியிடம் அனுப்புவது ஒரே ஒரு கோரிக்கை: கனெக்ட், சர்வர் பெயர், போர்ட் 22 (எஸ்எஸ்ஹெச்சின் வழக்கமான போர்ட்). பதில் 200 என்றால் அதற்கப்புறம் பிராக்ஸி வெறும் குழாய். 407 என்றால் பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கிறது. 403 என்றால் 'விட மாட்டேன்'. பல பிராக்ஸிகள் 443க்கு (ஹெச்டிடிபிஎஸ் தளங்களின் போர்ட்) மட்டுமே கனெக்ட் அனுமதிக்கும். சர்வர் உங்களுடையது என்றால் எஸ்எஸ்ஹெச்சை 443இலும் கேட்கவைக்கலாம். ஆனால் அதுவும் ஒளிந்துபோகும் வழி இல்லை. இணைப்பின் முதல் வரியிலேயே 'எஸ்எஸ்ஹெச்-2.0' என்று மறையாக்கம் இல்லாமல் போகும். உள்ளே எட்டிப்பார்க்கும் பிராக்ஸி கண்டுபிடித்துவிடும். அலுவலக நெட்வொர்க் என்றால் முதலில் அட்மினிடம் கேளுங்கள்.

கே: மற்ற நிரல்களை பிராக்ஸி வழியாகப் போகவைக்கும் பிராக்ஸிசெயின்ஸ்-என்ஜி கருவியில் கர்ல் சரியாகப் போகிறது, கோ மொழி நிரல் மட்டும் நேரடியாகப் போகிறது. பிங்கும் அப்படியே.

ப: அந்தக் கருவி எல்டி_பிரீலோட் (LD_PRELOAD: நிரலுக்குள் வேறொரு லைப்ரரியை முதலில் ஏற்றும் வசதி) மூலம் சி லைப்ரரியின் கனெக்ட் ஃபங்ஷனை இடைமறிக்கிறது. கோ நிரல் பெரும்பாலும் அந்த லைப்ரரி பக்கமே போகாமல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நேராகப் பேசும். ஆபத்து என்னவென்றால், பிழைச்செய்தி எதுவும் வராது. பிங் டிசிபி இணைப்பே இல்லை, அது இந்த வழியில் போகாது; அதை விட்டுவிடுங்கள்.

கே: எஸ்எஸ்ஹெச்சுக்கு மட்டும்தான் வேண்டும். கம்பைல் செய்தே ஆகவேண்டுமா?

ப: லினக்ஸ், மேக்ஓஎஸ் என்றால் முதலில் நெட்கேட் (nc) என்ற நெட்வொர்க் கருவியைப் பாருங்கள். ஓபன்பிஎஸ்டி வகை நெட்கேட்டில் பெரிய எக்ஸுக்குப் (-X) பின் 'கனெக்ட்' (connect), சின்ன எக்ஸுக்குப் (-x) பின் பிராக்ஸி முகவரி. அதை எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பின் பிராக்ஸிகமாண்ட் (ProxyCommand) வரியில் போட்டால் போதும். பெரியதையும் சின்னதையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.