வாசகர் கேள்விகள்: இத்தாலிக்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள்?

போன இதழில் இன்றைய இத்தாலிய நகைச்சுவைப் படங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ரோமில் எட்டு ஆண்டுகள் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தபோது என் இத்தாலிய மொழியில் பாதியை இந்தப் படங்கள்தான் கற்றுக்கொடுத்தன. அந்த நன்றியோடு பதில் எழுதுகிறேன்.

பெனீனி ஆஸ்கர் வாங்கியதோடு இத்தாலிய நகைச்சுவை முடிந்துவிட்டதா? அதற்குப் பிறகு ஒரு பெயரும் காதில் விழவில்லையே? – கல்லூரி மாணவர் ஒருவர்

முடியவே இல்லை. நடிகரும் இயக்குநருமான ரொபெர்த்தோ பெனீனி 1999இல் ஆஸ்கர் வாங்கியதை உலகமே பார்த்தது. 2016 ஜனவரி 1 அன்று வெளியான 'க்வோ வாதோ?' இத்தாலிக்குள் மட்டும் 6.5 கோடி யூரோவுக்கு மேல் வசூலித்ததை வெளியே யாரும் கவனிக்கவில்லை. அதில் நடித்த கெக்கோ ஸலோனேயின் பெயர் எல்லை தாண்டினால் பெரும்பாலோருக்குத் தெரியாது.

காரணம் பேச்சுமொழி. ஸலோனேயின் உண்மைப் பெயர் லூகா மெதிச்சி. தெற்கே புல்யா மாநிலத்தில் பாரி நகரத்துப் பக்கம் வளர்ந்தவர், சட்டம் படித்தவர், பியானோவும் நன்றாக வாசிப்பார். 'கெக்கோ ஸலோனே' என்ற மேடைப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் பாரி வட்டார வழக்கில் 'கே கொட்ஸலோனே' என்று ஒலிக்கும். 'என்ன ஒரு நாகரிகம் தெரியாத ஆளு!' என்று பொருள். பெயரைச் சொன்னதுமே பாரிக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். இதைச் சப்டைட்டிலில் எப்படிக் கொண்டுவருவது? மொழிபெயர்ப்பாளராக நான் தோற்றுப்போன இடங்களில் இதுவும் ஒன்று.

இத்தாலியில் ஒருவர் வாயைத் திறந்த உடனே எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்பதுவரை கேட்பவருக்குப் புரிந்துவிடும். நகைச்சுவையின் பாதி அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அவர்களுடைய நடிகர்களைவிட அவர்கள் எழுதும் கதைகள் அதிக தூரம் போகின்றன. பாவ்லோ ஜெனோவேஸே 2016இல் எடுத்த 'பெர்ஃபெத்தி ஸ்கொனோஷுத்தி' நல்ல உதாரணம். ஏழு நண்பர்கள் இரவு உணவுக்குக் கூடுகிறார்கள். எல்லோரும் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு, வருகிற அழைப்பையும் குறுஞ்செய்தியையும் எல்லோர் முன்னாலும் திறந்துகாட்ட வேண்டும் என்று விளையாட்டாக ஒப்புக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. 2019இல் 18 மறுஆக்கங்களோடு கின்னஸ் பட்டியலில் ஏறியது. 2024இல் இந்தியிலும் 'கேல் கேல் மே' என்று வந்தது. பலர் இந்தக் கதையை எங்கோ பார்த்திருப்பீர்கள், இத்தாலியக் கதை என்று தெரியாமலே.

மனைவியை அடிப்பவனைப் பற்றிய படத்தை நகைச்சுவை என்கிறீர்கள். அதைப் பார்த்துச் சிரிப்பது சரியா? – மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர்

உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. நீங்கள் கேட்பது பாவோலா கோர்தெல்லேஸி இயக்கி நடித்த 'செ ஆன்கோரா தொமானி'. 'இன்னும் நாளை இருக்கிறது' என்று பொருள். 2023 அக்டோபரில் வந்தது. ஹாலிவுட் படங்கள் அத்தனையையும் பின்னுக்குத் தள்ளி அந்த ஆண்டு இத்தாலியில் அதிகம் பேர் பார்த்த படமாக ஆனது. 50 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. கறுப்பு வெள்ளையில், 1946ஆம் ஆண்டு ரோமில் நடக்கும் கதைக்கு இவ்வளவு கூட்டம்.

கோர்தெல்லேஸி ரோம்காரர். சிறுமியாக இருந்தபோதே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பாடியவர். பிறகு ரேடியோ, டிவி, மேடை, சினிமா என்று இருபது வருடங்களுக்கு மேல் மக்களைச் சிரிக்கவைத்தவர். அவர் இயக்கிய முதல் படம் இது. தொடக்கத்திலேயே கதாநாயகி தெலியா (கோர்தெல்லேஸி) கண்விழித்துக் கணவனுக்குக் காலை வணக்கம் சொல்கிறாள். பதிலுக்கு ஓர் அறை விழுகிறது. எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறாள். தியேட்டரில் ஒரு கணம் சிரிப்பு எழுந்து அப்படியே தொண்டையில் நின்றது. நான் கேட்டேன் அந்தச் சத்தத்தை. தான் எதற்குச் சிரித்தோம் என்று ஒவ்வொருவரும் உள்ளே திரும்பிப் பார்த்த சத்தம் அது.

பிறகு கணவன் இவானோ (வலேரியோ மஸ்தான்த்ரேயா) அவளை அடிக்கும் காட்சியை ஒரு நடனமாக எடுத்திருக்கிறார். பாட்டு ஓடுகிறது, இருவரும் சுழல்கிறார்கள், உடம்பில் காயம் தோன்றி மறைகிறது. வன்முறையை ஒரு வேடிக்கைக் காட்சியாக ரசிக்க அவர் இடம் கொடுக்கவே இல்லை. சிரிப்பு வருவதெல்லாம் வேறு இடங்களில்: முற்றத்து வம்பளப்பில், கட்டிலோடு கிடக்கும் மாமனாரின் அடாவடியில், எமனுவேலா ஃபனெல்லி நடித்த காய்கறிக் கடைத் தோழியின் பேச்சில். அந்தத் தோழி வேடத்துக்கு ஃபனெல்லி தவீத் தி தொனாத்தெல்லோ விருது வாங்கினார். இத்தாலிய சினிமாவின் மிகப் பெரிய விருது அது. 2024இல் இந்தப் படத்துக்கு அதில் மட்டும் ஆறு கிடைத்தன.

படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தயவுசெய்து தாண்டிவிடுங்கள்.

தெலியாவுக்கு ஒரு கடிதம் வருகிறது. காதலனோடு ஓடப்போகிறாள் என்றுதான் கடைசிவரை நினைக்கிறோம். அது வாக்காளர் அட்டை. 1946 ஜூன் 2, 3 தேதிகளில் முடியாட்சியா குடியரசா என்று நடந்த பொதுவாக்கெடுப்பு. இத்தாலியப் பெண்கள் நாடு தழுவிய தேர்தலில் ஓட்டுப்போட்டது அதுதான் முதல் முறை. வாக்குச்சீட்டின் ஓரத்தை உதட்டால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியிருந்தது. உதட்டுச்சாயம் பட்டால் ஓட்டு செல்லாமல் போய்விடலாம் என்பதால் வரிசையில் நின்ற பெண்கள் சாயத்தைத் துடைக்கிறார்கள். நான் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மாவோடு போயிருந்தேன். எண்பதைத் தாண்டியவர், படம் நடக்கும் அதே தெஸ்தாச்சோ பகுதியில் பிறந்தவர். அந்தக் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் அம்மா அன்று காலை கைக்குட்டையால் உதட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தது தனக்கு ஞாபகம் இருக்கிறது என்று வெளியே வந்து சொன்னார். அப்போது அவருக்கு வயது ஆறு. அதுவரை ஏன் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லையாம்.

சிரிப்பது சரியா என்றீர்கள். சிரிப்பில்லாமல் எடுத்திருந்தால் அந்தப் பாட்டியும் பின்வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகளும் ஒரே தியேட்டரில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

'க்வோ வாதோ?' படத்தில் அப்படி என்ன இருக்கிறது? – அரசு அலுவலக ஊழியர்

'போஸ்தோ ஃபிஸ்ஸோ' என்ற இரண்டு சொல் இருக்கிறது. நிரந்தர வேலை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

கெக்கோ மாவட்ட அலுவலகத்தில் வேட்டை, மீன்பிடி உரிமப் பிரிவில் முத்திரை குத்துபவன். சின்ன வயதில் பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் 'போஸ்தோ ஃபிஸ்ஸோ' என்று சொன்னவன். அரசு ஆட்குறைப்பு செய்கிறது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ராஜினாமா செய் என்கிறார் மேலதிகாரி. மாட்டேன் என்கிறான். ஊர் ஊராக மாற்றிக் கடைசியில் வட துருவத்துக்கே அனுப்புகிறார்கள். அங்கேயும் போகிறான், கையெழுத்து மட்டும் போடுவதில்லை. இந்தப் படத்தை இயக்கியவர் ஜென்னாரோ நுன்ட்ஸியாந்தே. இவரும் பாரிக்காரர்தான். ஸலோனேயின் முதல் நான்கு படங்களும் இவருடையவை. 2020இல் 'தோலோ தோலோ'வை ஸலோனே தானே இயக்கினார். 2025 கிறிஸ்துமஸுக்கு 'புவேன் காமினோ'வில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள்.

எனக்குப் பிடித்தது, படம் கெக்கோவை வெறுக்காததுதான். தெற்கு இத்தாலியில் ஒரு குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்றால் என்ன என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதோடு சிட்னி ஸிபிலியாவின் 'ஸ்மெத்தோ க்வாந்தோ வோல்யோ'வையும் (2014) சேர்த்துப் பாருங்கள். நிரந்தர வேலை கிடைக்காத தலைமுறையின் கதை அது. ஆராய்ச்சி நிதி நின்றுபோன நரம்பியல் விஞ்ஞானி ஒருவர், பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் லத்தீன் அறிஞர்களையும் பாத்திரம் கழுவும் வேதியியலாளரையும் சேர்த்துக்கொண்டு, தடைப்பட்டியலில் இல்லாத ஒரு போதைப்பொருளைத் தயாரிக்கிறார். பெட்ரோல் போட்டுக்கொண்டே இரண்டு பேரும் லத்தீனில் சண்டைபோடுகிறார்கள். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த பல்கலைக்கழக நண்பர்கள் வெளியே வந்து வெகுநேரம் பேசாமல் நடந்தார்கள். பாதிப் பேர் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருந்தவர்கள்.

கிறிஸ்துமஸ் படங்கள் என்று ஒரு தனி வகை உண்டாமே? – இல்லத்தரசி

உண்டு. 'சினேபனெத்தோனே' என்பார்கள். பனெத்தோனே என்பது மிலானின் கிறிஸ்துமஸ் கேக். அதோடு வரும் சினிமா என்பதால் அந்தப் பெயர். 1983இல் கார்லோ வன்ட்ஸீனா எடுத்த 'வகான்ட்ஸே தி நத்தாலே' தொடங்கிவைத்தது. பிறகு கிறிஸ்தியான் தெ ஸீகா, மாஸ்ஸிமோ போல்தி ஜோடி வருடம் தவறாமல் வந்தது. முதல் படத்தில் ரோம், மிலான் குடும்பங்களின் பணப் பெருமையைக் கூர்மையாகக் காட்டியிருந்தார்கள். போகப்போகப் பெண் உடம்பைப் பார்த்து இளிப்பதே மிஞ்சியது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் திரைக்கதை எழுத முயல்கிறேன். இவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூட்டமாக. நான் சொன்ன செல்போன் படத்தின் திரைக்கதையில் ஜெனோவேஸேயோடு சேர்த்து ஐந்து பெயர்கள் இருக்கின்றன. கோர்தெல்லேஸி படத்தில் மூன்று: அவர், ஃபூரியோ அந்த்ரெயோத்தி, ஜூலியா கலேந்தா. கலேந்தாவின் அம்மா இயக்குநர் கிறிஸ்தீனா கொமென்சீனி. தாத்தா, 1950களில் புகழ்பெற்ற லுயீஜி கொமென்சீனி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதும் வழக்கம் அந்தக் காலத்துச் சொத்து. இயக்குநர் மரியோ மோனிசெல்லியின் 'இ ஸோலித்தி இன்யோத்தி' (1958) படத்தையே நான்கு பேர் சேர்ந்துதான் எழுதினார்கள்.

அவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'ஸ்பால்லா'. தோள் என்று பொருள். சிரிப்பு வசனத்தைச் சொல்பவனுக்குத் தோள்கொடுத்துப் பக்கத்தில் நிற்பவன். சிசிலியின் ஃபிகார்ரா, பிகோனே இருவரையும் பாருங்கள். யார் ஸ்பால்லா என்பது காட்சிக்குக் காட்சி மாறும். அவர்களுடைய 'லோரா லெகாலே'யில் (2017) ஓர் ஊரே சேர்ந்து நேர்மையான ஆளை மேயராக்குகிறது. அவர் சொன்னபடியே செய்கிறார்: குப்பையைப் பிரித்துப் போடு, அனுமதியில்லாமல் கட்டியதை இடி, அபராதம் கட்டு. ஊர் அவரை வெறுக்க ஆரம்பிக்கிறது. ஊழலைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு நேர்மையானது வேறில்லை, ஏனென்றால் குற்றவாளி யார் என்று கேட்டால் எல்லோரையும் நோக்கி விரல் நீட்டுகிறது.

வயதான அம்மாவோடு தனியாக இருக்கிறேன். சண்டை, சத்தம் இல்லாத ஒரு படம் சொல்லுங்கள். – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, உங்களுக்காகவே எடுத்தது போல ஒரு படம் இருக்கிறது. ஜான்னி தி க்ரெகோரியோவின் 'ப்ரான்ட்ஸோ தி ஃபெர்ராகோஸ்தோ' (2008). பல ஆண்டுகள் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்தவர், அறுபதை நெருங்கும்போது முதல் படத்தை இயக்கினார். அதே வருடம் 'கொமோர்ரா' என்ற கடுமையான மாஃபியா படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு இருக்கிறது என்பதை நம்பவே முடியாது.

ஃபெர்ராகோஸ்தோ என்பது ஆகஸ்ட் 15. அன்று ரோமே காலியாகிவிடும், கடைகள் அடைத்திருக்கும். ஜான்னி (அவரே நடிக்கிறார்) வயதான அம்மாவோடு கடனில் இருக்கிறார். அடுக்ககத்தின் நிர்வாகி வந்து, விடுமுறைக்கு என் அம்மாவைப் பார்த்துக்கொண்டால் பாக்கியைக் கழித்துக்கொள்கிறேன் என்கிறார். கூடவே ஒரு அத்தையும் வருகிறார். பிறகு டாக்டரும் தன் அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறார். நான்கு மூதாட்டிகள், ஒரு சமையலறை. நிஜ வாழ்க்கையில் தி க்ரெகோரியோவிடமே ஒரு நிர்வாகி இப்படிக் கேட்டாராம். மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததில் பிறந்த கதை இது. ரோமின் த்ராஸ்தேவெரே பகுதியில் தன் தாயோடு வாழ்ந்த வீட்டிலேயே எடுத்தார். மூதாட்டிகள் யாரும் தொழில்முறை நடிகைகள் இல்லை.

ஒருவர் டிவியைத் தர மாட்டேன் என்கிறார். ஒருவர் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன மக்ரோனியை நடு ராத்திரியில் ரகசியமாகச் சாப்பிடுகிறார். ஜான்னி நண்பனோடு வெறிச்சோடிய தெருக்களில் மீன் தேடிப் போகிறார். விடுமுறை முடிந்து எல்லோரும் கிளம்ப வேண்டிய நேரத்தில் நான்கு பேரும் கூடிப் பேசி, இன்று இரவும் இங்கேயே சாப்பிடுகிறோம் என்று ஜான்னியின் கையில் பணத்தை வைக்கிறார்கள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அவர் மறுபடி ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறார்.

75 நிமிடம்தான் படம். உங்கள் அம்மாவை முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்று எனக்கு எழுதுங்கள்.