அலமாரிக் கதவின் மேல் ஒரு நாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பிரான்ஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியை ஜார்ஜ் சாண்டின் நோஆன் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டம், மரங்கள், அப்படியொரு அமைதி. இப்படி ஒரு வீடு இருந்தால் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் என் நாவலை முடித்துவிடுவேன் என்று தோன்றியது. அவருடைய காதலர் ஷோப்பன் இசையமைத்த அறை எது என்று கேட்க விட்டுப்போய்விட்டது. உங்களுக்குத் தெரியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஷோப்பன் அங்கே தங்கியது ஏழு கோடைகள்: 1839, அப்புறம் 1841 முதல் 1846 வரை. பிரிந்தபின் சாண்ட் அந்த அறையையே மாற்றிக் கட்டிவிட்டார். சத்தம் புகாமலிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கதவுதான் மிச்சம். போதுமா? போகிறவர்களெல்லாம் விருந்தாளியின் அறையைத்தான் தேடுகிறீர்கள். வீட்டுக்காரி எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அது சாண்டின் பாட்டி 1793-ல் வாங்கிய வீடு. 1821-ல் பாட்டி இறந்ததும் 17 வயதுப் பேத்திக்கு வந்தது. மறு வருடமே கல்யாணம். அன்றைய சட்டப்படி மனைவியின் சொத்து கணவன் கையில். சொந்த வீட்டில் அவர் தனக்கென்று பிடித்துக்கொண்டது பாட்டியின் சின்னஞ்சிறு அறை. ஒரே கதவு, யாரும் அதன் வழியாக எங்கும் போகவேண்டியதில்லை. புத்தகங்கள், உலர்த்திய செடிகள், பட்டாம்பூச்சிகள், கூழாங்கற்கள் எல்லாம் அடைத்தபின் கட்டிலுக்கு இடமில்லை. தூளி கட்டித் தூங்கினார். மேஜையும் கிடையாது, ஒரு அலமாரியைத் திறந்து அதையே மேஜையாக்கிக்கொண்டார். பக்கத்து அறையில் குழந்தைகள் இரண்டும் மூச்சுவிடுவது கேட்கும்.

என் முதல் கதையை அம்மாவின் தையல் மிஷின் மேல் எழுதினேன். அவள் மதியம் கண்ணயரும் ஒன்றரை மணிநேரம்தான் எனக்கு. கால் தெரியாமல் மிதியில் பட்டால் ஊசி இறங்கித் தாளின் ஓரத்தைக் குத்திவிடும். அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன, ஓட்டைகளோடு.

சரி, சாண்ட் அந்த அலமாரியில் எழுதிய நாவல் என்னவாயிற்று? அச்சேறவே இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தவர், ஒன்றுக்கும் உதவாது என்று தானே தீர்ப்பெழுதினார். ஆனால் இதைவிடக் கொஞ்சம் தேவலையாக எழுத வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார். உங்கள் ஆறு வருடம் இந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான் ஐயா! வீட்டின் மேல் பழி போடாதீர்கள். கோபம் வேண்டாம், நானும் அப்படி ஒளிந்திருந்தவன்தான்.

அமைதியாம், அமைதி. 1836-ல் சாண்ட் கணவனோடு வழக்காடி வீட்டை மீட்டபின்னும் அங்கே விருந்தாளிகள் ஓயவில்லை. மகன் பொம்மலாட்ட மேடை வேறு போட்டான். எல்லாரும் படுத்தபின் விடியவிடிய எழுதினார்.

அந்தச் சிற்றறையில் அவரோடு ஒரு சுவர்க்கோழியும் குடியிருந்தது. கடிதம் ஒட்டும் மாவு வில்லைகள்தான் அதற்கு இரை. சாயத்தில் விஷம் இருந்துவிடுமோ என்று வெள்ளை வில்லைகளாகப் பார்த்து வாங்குவாராம். எழுதும்போது தாளின் மேல் நடக்கும், ஈர மையை நக்கிவிடாமல் விரட்டவேண்டும். ஒருநாள் பணிப்பெண் ஜன்னலைச் சாத்தும்போது அது நசுங்கிச் செத்தது. அதை ஓர் ஊமத்தம்பூவுக்குள் வைத்து வெகுகாலம் பத்திரப்படுத்தியிருந்தார்.