கத்துறதா, கண்டுக்காம விடுறதா?

அன்புள்ள சார்,

என் தம்பி அமெரிக்காவுல வேலை பாக்கறான். 2017ல சார்லட்ஸ்வில்ல வெள்ளை இனவெறிக் கும்பல் தீப்பந்தம் தூக்கிட்டு, எங்க இடத்த நீங்க பிடிக்க முடியாதுன்னு கத்திட்டுப் போன வீடியோவ இப்பதான் பாத்தேன். தூக்கமே வரல. இவனுங்கள நேர்ல போய் எதிர்த்துக் கத்தணுமா, கண்டுக்காம விட்டுடணுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கத்துனா கேமராவுக்கு நல்ல சண்டை கிடைச்சுடும், விட்டா ஊரே பயந்துடுச்சும்பானுங்க.

ஜெர்மனியில, பவேரியாவுல, வுன்சீடல்னு ஒரு சின்ன ஊரு. ஹிட்லரோட துணைத்தலைவரா இருந்த ருடால்ஃப் ஹெஸ்ஸ அங்க புதைச்சதால, ஹிட்லர இன்னும் கொண்டாடற நியோ நாஜிங்க ஊர்வலம் வந்துட்டே இருந்தானுங்க, 2011ல கல்லறையவே தோண்டி எடுத்து எலும்ப எரிச்சு கடல்ல கரைச்சும் விடல. 2014 நவம்பர்ல ஊர்க்காரங்க பண்ணதுதான் எனக்குப் பிடிச்சது. இவனுங்க நடக்கற ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ நன்கொடைன்னு கடைக்காரங்ககிட்டல்லாம் முன்கூட்டியே பேசிட்டு, ரோட்டுல மாரத்தான் மாதிரி ஸ்டார்ட், பாதி தூரம், ஃபினிஷ்னு பெயிண்ட் அடிச்சு, போற வழியில வாழைப்பழம் வேற வச்சாங்க. சேர்ந்த 10,000 யூரோ எக்ஸிட் ஜெர்மனிக்குப் போச்சு, இந்தக் கும்பல விட்டு வெளிய வர்றவங்களுக்கு உதவற அமைப்பு அது! திரும்பிப் போனா தோல்வி, நடந்தா காசு அங்க போகும், என்ன பண்ணுவானுங்க பாவம்.

அதே எக்ஸிட் 2011ல, கெரா ஊர்ல நடந்த அவனுங்க ராக் கச்சேரியில மண்டை ஓடு போட்ட 250 டிஷர்ட்ட ஓசியில குடுத்துச்சு. வீட்ல துவைச்சதும் படம் போயி, டிஷர்ட்டால முடிஞ்சது உன்னாலயும் முடியும், வெளிய வர நாங்க உதவறோம்னு எழுத்து வந்துச்சாம்.

நக்கல் மட்டும் போதாதுதான். அலபாமாவுல மொபைல்ங்கற ஊர்ல 1981ல மைக்கேல் டொனால்ட்ங்கற 19 வயசு கறுப்பினப் பையன கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறி அமைப்போட ஆளுங்க கொன்னு மரத்துல தொங்கவிட்டானுங்க. கொன்னவன் ஜெயிலுக்குப் போனான்னு அவங்கம்மா பியூலா மே நிக்கல, அமைப்பு மேலயே கேஸ் போட்டாங்க. 1987ல 70 லட்சம் டாலர் தீர்ப்பு. அவ்வளவு பணத்துக்கு எங்க போவானுங்க, டஸ்கலூசாவுல இருந்த தலைமை ஆபீஸையே எழுதிக்குடுத்தானுங்க, அத வித்து அந்தம்மா சொந்தமா வீடு வாங்குனாங்க.

அப்புறம், வெள்ளைக்காரன்னாலே இப்படித்தான்னு தம்பிய நினைக்க விடாதீங்க, சார்லட்ஸ்வில்ல இவனுங்கள எதிர்த்து நின்னு கார் ஏத்திக் கொல்லப்பட்ட ஹெதர் ஹேயர் வெள்ளைக்காரப் பொண்ணுதான். யாராவது மிரட்டுனா பதில் பேசாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு போலீஸுக்குப் போகச் சொல்லுங்க.