தோற்றவர் இப்போது எங்கே இருக்கிறார்?

கேள்வி: நான் சமூக அறிவியல் ஆசிரியர். "ஒரு நாட்டில் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் தேர்தல் நடக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் வாக்களிக்கிறார்கள். நாட்டின் பெயரிலேயே 'ஜனநாயகக் குடியரசு' இருக்கிறது. பிறகு ஏன் அதை ஜனநாயக நாடு இல்லை என்கிறோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூல் விளக்கத்தைச் சொன்னேன். அவளுக்கு நிறைவில்லை, எனக்கும் இல்லை. மாணவர்களே செய்திகளைப் படித்து இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? சர்வதேசத் தரவரிசைகளை நம்பலாமா?

பதில்: உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். பெயர், தேர்தல் தேதி, வாக்குப்பதிவுச் சதவீதம் ஆகிய மூன்றையும் எந்தச் சர்வாதிகாரியாலும் உண்டாக்கிக் காட்ட முடியும். 2002 அக்டோபரில் சதாம் உசேன் இராக்கில் பொது வாக்கெடுப்பு நடத்தினார். வாக்காளர்கள் அத்தனை பேரும் வந்தார்கள், அத்தனை பேரும் அவருக்கே வாக்களித்தார்கள் என்று அரசு அறிவித்தது. நூற்றுக்கு நூறு. கிழக்கு ஜெர்மனியின் அதிகாரபூர்வப் பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு. மக்கள் ஓடிவிடாமல் தடுக்க அந்த அரசு 1961இல் பெர்லின் நடுவே சுவர் எழுப்பியது.

ஆட்சியில் இருப்பவரால் போலியாகச் செய்து காட்ட முடியாத காரியம் ஒன்று உண்டு. அது தோற்றுப்போவது. அதனால் எந்த நாட்டை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: பதவியில் இருந்தவர் தேர்தலில் தோற்று, நாற்காலியை விட்டு இறங்கி, சிறைக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் சொந்த வீட்டில் இருந்துகொண்டு, அடுத்த முறை மறுபடியும் மக்களிடம் வாக்குக் கேட்க முடிகிறதா?

வகுப்பில் சொல்ல மலாவியின் கதை பொருத்தமானது. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஏழை நாடு அது. 2019 மே மாத அதிபர் தேர்தலில், பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிக்காவே வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்ட லாசரஸ் சக்வேராவும் சவுலோஸ் சிலிமாவும் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்தின் முன் வந்தவை வாக்குச்சாவடி முடிவுப் படிவங்கள். அவற்றில் பலவற்றில் பழைய எண்ணின் மேல் வெள்ளை மை பூசி வேறு எண் எழுதப்பட்டிருந்தது. எழுத்துப்பிழையை மறைக்க மேஜையில் வைத்திருக்கிறோமே, அதே மைதான்.

2020 பிப்ரவரி 3ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் பலத்த ராணுவப் பாதுகாப்போடு வந்து, பல மணி நேரம் தீர்ப்பை வாசித்து, அந்தத் தேர்தல் செல்லாது என்றார்கள். நாட்டின் தலைமை நீதிபதியைக் கட்டாய விடுப்பில் அனுப்ப அரசு முயன்றது. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள், அந்த முயற்சி நின்றது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் சக்வேரா வென்றார், முத்தாரிக்கா பதவியை விட்டு விலகினார். கதை அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பரில் அதே முத்தாரிக்கா மறுபடியும் போட்டியிட்டு, அதிபராக இருந்த சக்வேராவைத் தோற்கடித்தார். சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார். எத்தனையோ பணக்கார நாடுகளில் நடக்காத காரியம் இது. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது, அதிபருக்கு "முடியாது" என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை. நீதிபதி, வழக்கறிஞர், சாவடியில் உட்கார்ந்திருந்த கட்சி முகவர், செய்தி எழுதியவர். அப்படிச் சொன்ன பிறகும் அவர்களுடைய வேலையும் உயிரும் பத்திரமாக இருந்தால்தான் வாக்குக்கு மதிப்பு.

தேர்தலின் தொழில்நுட்பம் எவ்வளவு நவீனமானது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காம்பியாவில் வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டு கொடுப்பார்கள். வேட்பாளருக்கு ஒரு நிறமாகத் தகர உருளைகள் வைத்திருப்பார்கள். குண்டை உள்ளே போட்டதும் மணி ஒலிக்கும். இரண்டு முறை ஒலித்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜாமே 2016 டிசம்பரில் இந்தக் கோலிக்குண்டுகளால்தான் தோற்றார். முதலில் தோல்வியை ஏற்றவர், ஒரு வாரத்தில் பேச்சை மாற்றினார். அண்டை நாடுகளின் படை எல்லையைத் தாண்டிய பிறகுதான், 2017 ஜனவரியில், நாட்டை விட்டுப் போனார். கோலிக்குண்டுகளில் குறையில்லை. முடிவை ஏற்கும் பழக்கம்தான் அங்கே அப்போது வேர்விட்டிருக்கவில்லை.

வாக்குப்பதிவு நாளைவிட வேட்புமனு நாளை உன்னிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். 2020இல் பெலாரஸில் முக்கியப் போட்டியாளர்களாகக் கருதப்பட்ட சிலர் வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கு முன்பே சிறையில் இருந்தார்கள். வலுவானவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு எண்ணிக்கை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் பயனில்லை. தேர்தல் தேதியைத் தள்ளிப்போடுவதும் ஓர் அடையாளம். 2024இல் செனகல் அதிபர் மக்கி சால் பிப்ரவரித் தேர்தலை ஒத்திவைத்தார். அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதி மன்றம் அதைச் செல்லாது என்றது. மார்ச்சில் தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார்.

பெரும்பான்மை சொல்வதெல்லாம் ஜனநாயகமா என்ற கேள்வியும் வகுப்பில் எழும், எழட்டும். அடிக்கடி மக்களையே நேரடியாக வாக்களிக்கச் சொல்லும் சுவிட்சர்லாந்தில், பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் கேட்டார்கள். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் தேசிய அளவில் அந்த உரிமை கிடைத்தது. அப்பென்சல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தின் ஆண்கள் 1990 வரை மறுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அதே ஆண்டு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பெண்களுக்கு வழிவிட்டது. முறைப்படி நடந்த வாக்கெடுப்பு, தெளிவான பெரும்பான்மை, ஆனாலும் பாதிப் பேருக்குக் குரலே இல்லை. எண்ணிக்கையில் வெல்ல முடியாதவர்களுக்கும் காப்பு இருக்கும் நாட்டைத்தான் நான் ஜனநாயகம் என்பேன்.

தரவரிசைகளைத் தள்ளிவிட வேண்டாம், மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் இயங்கும் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு நூறு மதிப்பெண்ணில் 40ஐ அரசியல் உரிமைகளுக்கும் 60ஐக் குடிமை உரிமைகளுக்கும் ஒதுக்குகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் ஆய்வு நிறுவனம், நாடுகளைத் தாராள ஜனநாயகம் (நேர்மையான தேர்தலோடு உரிமைகளுக்கும் காப்பு உண்டு), தேர்தல் ஜனநாயகம் (தேர்தல் நேர்மையானது, அந்தக் காப்பு குறைவு), தேர்தல் எதேச்சாதிகாரம் (தேர்தல் உண்டு, நேர்மை இல்லை), மூடிய எதேச்சாதிகாரம் (போட்டித் தேர்தலே இல்லை) என நான்காகப் பிரிக்கிறது. இவை பெருமளவில் நிபுணர்களின் மதிப்பீடுகள், தராசில் நிறுத்த எடை அல்ல. ஒரு நாட்டின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு எந்தத் தலைப்பில் இறங்குகிறது என்று பாருங்கள். பத்திரிகையிலா, நீதிமன்றத்திலா, வாக்கு எண்ணிக்கையிலா? அங்கிருந்து செய்தியைத் தேடிப் போகலாம்.

வகுப்புக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாட்டைக் கொடுங்கள். கடைசித் தேர்தலில் இரண்டாவதாக வந்தவரின் பெயரைக் கண்டுபிடிக்கட்டும். அவர் இன்று நாடாளுமன்றத்தில் பேசுகிறாரா, சிறையில் இருக்கிறாரா, வெளிநாட்டில் தஞ்சம் புகுந்திருக்கிறாரா? அவர் கடைசியாக அரசைக் கண்டித்த செய்தி உள்நாட்டுப் பத்திரிகையில் வந்ததா? ஒரு வாரம் அவகாசம் போதும். உங்கள் மாணவியின் குழுவுக்கு, பெயரில் 'ஜனநாயகம்' உள்ள ஒரு நாட்டையே கொடுங்கள்.