கேளுங்க சொல்றேன்: கட்டைக்குத்து வீடும் கடப்பாரையும்

கேள்வி: திருவல்லிக்கேணில தாத்தா கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடு சார். அண்ணன் தம்பி நாலு பேரும் சேர்ந்து பழசை இடிச்சு பிளாட் கட்டி பங்கு பிரிச்சுக்கறதா ஒரு பில்டர்கிட்ட ஜாயின்ட் வென்ச்சருக்கு குடுத்துட்டோம், அடுத்த மாசம் இடிக்கிறாங்க. என் பொண்ணு "வீட்டை கொன்னுட்டீங்கப்பா"ன்னு சொல்லிட்டு பேசவே மாட்டேங்குறா. தப்பு பண்ணிட்டோமா?

பதில்: தப்புன்னு நான் எப்படி சார் சொல்லுவேன், நாலு பங்குக்காரங்க இருக்கற வீட்டுல ஒழுகற இடத்தை யாரு ரிப்பேர் பண்றதுங்கறதுலயே பத்து வருஷம் ஓடிடும். எங்க வீட்டு கதையும் அதேதான். ஆனா ஒண்ணு, ஒழுகுதுன்னு திட்டறோமே அந்த மெட்ராஸ் டெரஸ் கூரை, அது மேல நமக்குத்தான் மரியாதை இல்லாம போச்சு. தேக்குக் கட்டையை வரிசையா போட்டு, அது மேல அச்சுக்கல்லுன்னு சொல்ற சின்னச் சின்ன மெல்லிசு செங்கல்லை நெட்டுக்குத்தா, குறுக்குசாய்வா சுண்ணாம்புல பதிச்சு, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் வெல்லத்தண்ணி தெளிச்சு, பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கா தட்டித் தட்டி இறுக்கி, கடைசில தட்டோடுன்னு சொல்ற தட்டையான ஓட்டை ஒட்டுவாங்க, அதான் பழைய கொத்தனாருங்க கட்டைக்குத்துன்னு சொன்னாங்க. சித்திரை வெயில்லயும் கீழ படுத்தா ஃபேன் போதும். நாம என்ன பண்ணோம், லேசா கசியுதுன்னதும் மேல சிமெண்ட்டை பூசினோம், ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கி கட்டை நுனி உளுத்துப் போச்சு, அப்புறம் "பழசு சார், தாங்காது"ன்னோம். பொண்ணுகிட்ட வாதாடாதீங்க. இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை குடுத்து ரேழி, முற்றம், மாடின்னு அளந்து ஒரு பிளான் வரையச் சொல்லுங்க, கோவமும் கொஞ்சம் எறங்கும், வீடும் பேப்பர்லயாவது இருக்கும். நாங்க அது பண்ணல. இடிச்ச மறுநாள் போய் பாத்தா பக்கத்து வீட்டு பொதுச்சுவத்துல எங்க சமையல்கட்டு புகைக்கரியும், விளக்கு மாடமும், மாடிப்படி ஏறின கோடும் மட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுது, பில்டர் அதையும் ரெண்டே நாள்ல பூசிட்டாரு.

கேள்வி: பக்கத்து வீட்டை ஜேசிபி வச்சு இடிக்கிறாங்க, எங்க ஹால் சுவர்ல விரிசல் விட்டிருக்கு. கேட்டா "இது முன்னாடியே இருந்தது மேடம்"ங்கறாங்க. (மயிலாப்பூர் வாசகி)

பதில்: அந்த டயலாக் அவங்களுக்கு மனப்பாடம்மா. முதல்ல எல்லா சுவரையும் தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க. ஒரு சின்ன கண்ணாடித் துண்டை விரிசலுக்கு குறுக்கால நல்லா இறுகற பேஸ்ட் வச்சு ரெண்டு பக்கமும் ஒட்டி, பக்கத்துல பென்சில்ல தேதி எழுதிடுங்க. கண்ணாடி உடைஞ்சா விரிசல் இன்னும் ஓடுதுன்னு அர்த்தம், அப்ப யாரும் வாய் பேச முடியாது. இடிக்கறதுக்கும் பர்மிஷன் வாங்கணும், காப்பி கேளுங்க, மாநகராட்சிக்கும் எழுத்துல ஒரு புகார் குடுத்து வைங்க. பொதுச்சுவர் ஓரமா மெஷின் வரவே கூடாது, கையால, மேல இருந்து கீழதான் எறக்கணும். ஆள்கூலி மிச்சம்னு மெஷினை விடறாங்க, வேற காரணம் இல்ல.

கேள்வி: பாரம்பரியக் கட்டடம்னு கோர்ட்டுக்கு போனா நிறுத்திடலாமா?

பதில்: பெரிய கட்டடம்னா நடந்திருக்கு. அண்ணா சாலைல 1897ல எழும்பின பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல இடிக்க ஆரம்பிச்சு, வழக்கு போட்டு, 2010ல ஹைகோர்ட் இடிக்கக் கூடாதுன்னுச்சு. அன்னி பெசன்ட் கட்டின கோகலே ஹாலும் அரண்மனைக்காரத் தெருல பாதி இடிபட்ட பின்னாடிதான் கோர்ட்டால நின்னுது. காப்பாத்தினதும் நிஜம், அதுக்கப்புறம் வருஷக்கணக்கா பாழடைஞ்சு நின்னதும் நிஜம். 2012ல பாரம்பரிய ஆணையத்துக்கே தனியா சட்டம் போட்டாங்க. ஆனா சந்துக்குள்ள இருக்கற திண்ணை வீட்டுக்கு பாரம்பரியக் கட்டட லிஸ்ட்ல யாரு சார் இடம் தர்றா? எனக்கு வருத்தமே அதுதான், மயிலாப்பூர் மயிலாப்பூரா தெரிஞ்சது கோபுரத்தால மட்டுமா, வரிசையா நின்ன அந்தத் திண்ணைகளாலயும்தான்.

கேள்வி: பழைய தேக்கு, கதவுக்கெல்லாம் காசு வருமா?

பதில்: பர்மா தேக்கு நெறைய இருந்தா இடிக்கிறவரே உங்களுக்கு காசு குடுத்துதான் எடுத்துப்பாரு, சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க. செங்கல், கம்பி, மரம், இடிபாட்டு ரப்பீஸ் அள்ளற செலவு எல்லாம் தனித்தனியா பேசுங்க. வாசக்கதவு வேணும்னா முதல்லயே கழட்டி வச்சிடுங்க, ஆனா பிளாட் வாசலுக்கு அது பெருசா இருக்கும். எங்க வீட்டுக் கதவு இப்ப தம்பி வீட்டுல டைனிங் டேபிள், நாதாங்கி ஓட்டை வழியா சாம்பார் கீழ எறங்குதுன்னு அவன் பொண்டாட்டி இன்னமும் என்னைத்தான் திட்றா.