டிராக் ஷூ போல்ட்டும் கைவலுவும்

சகோதரி, எக்ஸ்கவேட்டரின் டிராக் ஷூ (ஓடும் சங்கிலியில் பொருத்திய இரும்புத் தகடு) போல்ட்டைக் கழற்ற வலு போதாது என்று சொல்லி உங்களை ஃபில்டர் மாற்றுவதோடு நிறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அந்த போல்ட் ஆண்களுக்கும் வெறுங்கையில் அசையாது. அவர்களும் ஸ்பேனரில் பைப் மாட்டித்தான் தொங்குகிறார்கள். வழுக்கினால் முகம் போய்விடும். டார்க் மல்டிப்ளையர் (முறுக்கு விசையைப் பெருக்கும் கியர் கருவி) கேளுங்கள். 5:1 விகிதம் என்றால், உராய்வு போக, நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசை ஏறக்குறைய ஐந்து மடங்காகும்.

அப்புறம், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகங்கள்) வேலையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே பிரஷர் கேஜ் பார்த்துப் பழுதைச் சொல்பவருக்குத்தான் மதிப்பு. ஹோஸைக் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, டேங்க் அழுத்தத்தையும் வெளியேற்றுங்கள். கசிவைக் கையால் தடவவே வேண்டாம், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். 300 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேலான அழுத்தத்தில் பாயும் எண்ணெய் கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் ஏறிவிடும்.