சோலார் மின்சாரத்தை அண்டை வீட்டுக்கு விற்கப் பிளாக்செயின் தேவையா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 12 வீடுகளின் கூரையில் சோலார் பேனல்கள் உள்ளன. மீதமாகும் மின்சாரத்தை மற்ற வீடுகளுக்கு விற்பதற்குப் பிளாக்செயின் அமைப்பு ஒன்றை நிறுவலாம் என்கிறது ஒரு நிறுவனம். இது அவசியமா?

பதில்: பிளாக்செயின் செய்வது கணக்கு எழுதும் வேலை மட்டுமே. உங்கள் கூரையிலிருந்து வெளியேறும் மின்சாரம், நீங்கள் யாருக்கு விற்றிருந்தாலும், அருகில் எங்கே தேவை இருக்கிறதோ அங்கே போய்விடும். யார் எத்தனை யூனிட் கொடுத்தார், யார் எடுத்தார் என்ற பேரேட்டை ஒருவரிடம் ஒப்படைக்காமல், பங்கேற்பவர்கள் பலரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டு, புதிய பதிவுகளை ஒத்துப்பார்த்து ஏற்பதே இதன் சாரம். பதிவுகள் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோக்கப்படுவதால், பழைய பதிவில் யாரேனும் கைவைத்தால், அதற்குப் பின்வரும் தொகுதிகளோடு அது பொருந்தாமல் போய் மாட்டிக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் நகரில் 2019-இல் 37 குடும்பங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வாங்குபவர் தாம் தரக்கூடிய அதிகபட்ச விலையையும், விற்பவர் தமக்குக் கட்டுப்படியாகும் குறைந்தபட்ச விலையையும் குறித்துவைக்க, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏலம் தானாக நடந்தது. ஆனால் பற்றாக்குறையை நிரப்பியதும், விற்காமல் எஞ்சியதை வாங்கிக்கொண்டதும் உள்ளூர் மின் விநியோக நிறுவனம்தான். அந்த நிறுவனத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்த மென்பொருளும் உங்களுக்கு உதவாது.

ஒருவரையொருவர் நம்ப வாய்ப்பில்லாத பல தரப்பினர் ஒரே பேரேட்டைப் பகிர வேண்டிய இடத்தில் இத்தொழில்நுட்பம் பயன் தருகிறது. சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து மின்சாரம் உற்பத்தியானதை உறுதிசெய்யும் சான்றிதழ்கள் அதற்கு நல்ல உதாரணம்: உற்பத்தியாளர், தரகர், வாங்கும் நிறுவனம் எனப் பல கை மாறும் ஒரு சான்றிதழை இருவருக்கு விற்றுவிடாமல் தடுக்க அது உதவும். உங்கள் நிலை வேறு. சங்கம் ஒன்றே, கணக்கு வைப்பவரும் ஒருவரே, அவரைக் கேள்வி கேட்கக் கூட்டமும் உண்டு என்றால், ஸ்மார்ட் மீட்டர்களும் சாதாரண தரவுத்தளமும் போதும் என்பதே என் கருத்து. மேலும், மீட்டர் தவறாகக் காட்டினால் பிளாக்செயின் அந்தத் தவற்றைத்தான் அழியாமல் காத்துவைக்கும்.

பிளாக்செயினே மின்சாரத்தை விழுங்குமே என்ற அச்சம் பிட்காயினுக்குப் பொருந்தும்; இன்னொரு பெரிய பிளாக்செயினான எத்தீரியம் 2022 செப்டம்பரில் சரிபார்ப்பு முறையை மாற்றித் தன் மின் நுகர்வை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக்கொண்டது.

அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை வேறு. வீட்டுக்கு வீடு விற்க உங்கள் பகுதி மின் விதிமுறைகள் இடம் தருகின்றனவா, கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் எவ்வளவு, கணக்கின் நகல்களை உண்மையில் யார் யார் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லா நகலும் அந்நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருந்தால், பெயர்தான் பிளாக்செயின். 15 நிமிட மீட்டர் பதிவுகளைப் பார்த்தே ஒரு வீட்டார் எப்போது எழுகிறார்கள், எந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பதால், அழிக்க முடியாத அந்தப் பேரேட்டில் மூலப் பதிவுகளே ஏறுகின்றனவா, சரிபார்ப்புக்கான குறியீடு மட்டும் ஏறுகிறதா என்பதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.